கன்னித்திரையும் ஒரு விளக்கத்தாளும்: டாம்பனின் வரலாற்றில் பதின்வயதுப் பெண்

டாம்பன் பெட்டியைத் திறந்ததும் பஞ்சோடு சேர்ந்து கையில் அகப்படுவது பல மடிப்புகளாக மடித்த ஒரு தாள். இடுப்புப் பகுதியின் பக்கவாட்டு வெட்டுத்தோற்றம் அதில் வரையப்பட்டிருக்கும். முகமும் வயதும் இல்லாத அந்த உடலுக்குள் ஒரு சிறு உருளை சாய்வாகச் செல்வதாகக் காட்டியிருப்பார்கள். நின்றுகொள்ளலாம், அமர்ந்துகொள்ளலாம், ஒரு காலைச் சற்று உயரத்தில் ஊன்றிக்கொள்ளலாம், பதற்றம் வேண்டாம் என்று சில வரிகளும் இருக்கும். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்கும் 13 அல்லது 14 வயதுச் சிறுமிக்குத் தாய், தமக்கை, ஆசிரியை, மருத்துவர் எல்லாம் அந்தத் தாள்தான். முதல் முயற்சி பல நேரங்களில் தோற்றுப்போகிறது. வலிக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது உள்ளே சென்றபின்னும் உறுத்துகிறது. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்ற முடிவுக்கு அவள் வந்துவிடுகிறாள். இந்தத் தோல்விக்கு 90 ஆண்டு வரலாறு உண்டு. இந்தியாவில் அதற்கும் முந்தைய வரலாறு ஒன்று இருக்கிறது. அது பஞ்சோடு தொடர்புடையதன்று, நீதிமன்றத்தோடு தொடர்புடையது.

பழங்கால எகிப்தியப் பெண்கள் பாப்பிரஸ் தண்டாலும், கிரேக்கப் பெண்கள் மரக்குச்சியில் சுற்றிய பஞ்சாலும் டாம்பன் செய்துகொண்டார்கள் என்ற கதை இணையத்தில் எங்கும் காணப்படுகிறது. கிரேக்க மருத்துவ நூல்களை ஆராய்ந்த ஹெலன் கிங் போன்ற வரலாற்றறிஞர்கள் அதற்குச் சான்றில்லை எனக் காட்டியுள்ளனர். புதிய பொருள் ஒன்றுக்கு அச்சம் தெளிவிக்கும் தொன்மை தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சான்றோடு கிடைப்பது 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களின் டாம்பன். மருந்தில் தோய்த்த பஞ்சையோ துணியையோ நோய்க்காகவும் குருதிப்போக்கை நிறுத்தவும் மருத்துவர் உள்ளே வைப்பார். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு அடைப்பான் என்று பொருள். பெண்ணின் உடலுக்குள் அடைப்பானை வைக்கும் கை மருத்துவருடையதாக இருந்தவரை எவரும் ஆட்சேபிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர் ஏர்ல் ஹாஸ் 1931இல் விண்ணப்பித்து 1933இல் பெற்ற காப்புரிமை அந்தக் கையை மாற்றியது. அழுத்திய பஞ்சு, வெளியே இழுக்க ஒரு நூல், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அட்டைக்குழல்கள் ஆகியவையே அவருடைய கண்டுபிடிப்பு. இவற்றுள் புதுமை மிகுந்தவை குழல்கள்தாம். பயன்படுத்தும் பெண் தன் உடலைத் தன் விரலால் தொடாமலே பஞ்சை உள்ளே செலுத்த அவை வழிசெய்தன. வணிகரான கெர்ட்ரூட் டெண்டரிச் 1933இல் 32,000 டாலருக்கு அந்த உரிமையை வாங்கி, டாம்பாக்ஸ் என்ற பெயரில் தொழிலைத் தொடங்கினார். 1936இல் நாடு தழுவிய விளம்பரங்கள் வரத் தொடங்கின. அவற்றோடு ஒரு கேள்வியும் வந்தது: மணமாகாத பெண் இதைப் பயன்படுத்தலாமா?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. அயர்லாந்தில் 1944இல் டப்ளின் பேராயர் ஜான் சார்லஸ் மக்குவேய்ட் டாம்பாக்ஸ் விற்பனைக்கு எதிர்ப்புத் தெரிவித்து அரசுக்கு எழுதினார். அது இளம்பெண்களின் உணர்ச்சியைத் தூண்டும் என்பது ஆயர்களின் அச்சம். அரசும் அதற்கு இசைந்து, விற்பனையை நிறுத்துமாறு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. மறு ஆண்டே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மகப்பேற்றியல் மருத்துவர் ராபர்ட் லாட்டூ டிக்கின்சன் இதற்கு நேர்மாறான கட்டுரை ஒன்றை எழுதினார. பெரும்பாலான பெண்களின் யோனிவாய்த் திறப்பைவிட டாம்பனின் குறுக்களவு சிறியது என்று அளவுகளோடு காட்டினார். உணர்ச்சித் தூண்டல் என்று பேசுவதானால் வெளிப்புறத்தில் ஓயாமல் உராயும் நாப்கினைப் பற்றியே முதலில் பேசவேண்டும் என்றும் வாதிட்டார். பேராயர், மருத்துவர் இருவருமே ஆண்கள், இருவருமே ஒரு சவ்வைப் பற்றியே கவலைப்பட்டார்கள். எப்படி உள்ளே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் பெண்ணின் கவலை இருவருடைய எழுத்திலும் மையமாக இல்லை.

அந்த இடத்தை நிறுவனங்கள் நிரப்பின. 1940களில் டாம்பாக்ஸ் நிறுவனம் தன் பெண் ஊழியர்களைக் கல்லூரிகளுக்கும் கூட்டங்களுக்கும் அனுப்பி நேரில் விளக்கம் சொல்லச் செய்தது. கோடெக்ஸ் நாப்கின் விற்றவர்களுக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் 1946இல் மாதவிடாய் குறித்த கல்விப் படம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. பல ஆண்டுகள் பள்ளிகளில் அது திரையிடப்பட்டது. பெண்பிள்ளையின் உடலைப் பற்றிய பேச்சு தாயிடமிருந்து சந்தைக்கு இடம்பெயர்ந்ததை வரலாற்றறிஞர் ஜோன் ஜேக்கப்ஸ் பிரம்பெர்க் 1997இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்தார். அவருடைய வருத்தம் நியாயமானதே. ஆயினும், தாய்மார் பேசாதிருந்த இடத்தில்தான் சந்தை பேசத் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மடித்த அந்த விளக்கத்தாளில் விற்பனைத் தந்திரம் இருந்தது. தன் உடலின் வரைபடத்தைப் பல பெண்கள் முதன்முதலாகக் கண்டதும் அந்தத் தாளில்தான்.

1950இல் ஜெர்மனியில் வேறொரு வடிவம் பிறந்தது. மகப்பேற்றியல் மருத்துவர் யூடித் எஸர்-மிட்டாக் பங்கேற்று வடிவமைத்த ஓ.பி. டாம்பனில் குழல் கிடையாது; விரலாலேயே உள்ளே வைக்கவேண்டும். நாப்கின் இன்றி எனப் பொருள்படும் ஜெர்மன் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஹாஸின் குழல் பெண்ணை அவளுடைய உடலிலிருந்து ஓர் அடி தள்ளி நிறுத்தியது. எஸர்-மிட்டாக்கின் வடிவமோ தன் உடலின் போக்கை விரலால் அறிந்தவளுக்கே கைகொடுத்தது. அறிந்தவளுக்கு இது எளிது, சிறியது, குப்பையும் குறைவு. அறியாதவளுக்குக் குழலைவிடக் கடினம். இந்தியக் கடைகளில் நெடுங்காலமாகப் பெரிதும் காணக்கிடைத்தது இந்த இரண்டாம் வகையே. தன்னைத் தொட்டறிவது கூடாதென்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, தொட்டறிந்தாலன்றிப் பயன்படாத பொருள் கிடைத்தது!

இந்தியத் தாய் ஒருத்தி தன் மகளிடம் டாம்பன் வேண்டாம் என்று சொல்லும்போது அதை அறியாமை என ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவளுடைய அச்சத்துக்கு ஆவணச் சான்றே இருக்கிறது. இந்நாட்டில் சிறுமியின் உடலின் உட்பகுதி பொதுப்பேச்சுக்கு வந்தது வகுப்பறை வழியாக அன்று. 1890இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நடந்த ஃபுல்மணி வழக்கு அதன் கொடிய தொடக்கங்களுள் ஒன்று. ஏறத்தாழ 11 வயதுடைய மனைவி, கணவனுடைய வன்மையால் குருதி இழந்து இறந்தாள். அப்போது சட்டம் வகுத்திருந்த இசைவு வயது 10 என்பதால் கணவன்மீது வன்புணர்வுக் குற்றம் நிற்கவில்லை; கிடைத்தது ஓராண்டுக் கடுங்காவல். 1891இல் இசைவு வயது 12 ஆக உயர்த்தப்பட்டபோது நாடெங்கும் எழுந்த விவாதத்தில், முதல் பூப்பு எந்த வயதில் வருகிறது, அதன்பின் எத்தனை நாளில் சடங்கு நிகழவேண்டும் என்பவற்றையெல்லாம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஆண்கள் பேசித் தீர்த்தார்கள். பூப்பெய்திய சிறுமி என்ன செய்யவேண்டும், எதை உடுத்தவேண்டும், வலித்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்பது அந்தப் பெரும் விவாதத்தின் பொருளாகவே இல்லை.

தொடர்ந்து வந்தவை மருத்துவச் சட்டவியல் பாடநூல்கள். 1920இல் முதற்பதிப்புக் கண்டு பல தலைமுறை இந்திய மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் பாடமாக விளங்கிய ஜெய்சிங் மோதியின் நூல் இவ்வகையில் பெயர்பெற்றது. கன்னிமை என்பது அந்நூல்மரபில் ஒரு தனித் தலைப்பு. கன்னித்திரையின் நிலை அதற்கு முதன்மைச் சான்று. இந்த மரபு என்ன செய்யவல்லது என்பதை மதுரா வழக்கு காட்டியது. 1972இல் மகாராட்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக முறையிட்ட பழங்குடிச் சிறுமியின் உடலைச் சோதித்த மருத்துவ அறிக்கை, திரையில் பழைய கிழிசல்கள் இருப்பதையும் இரண்டு விரல்கள் எளிதில் நுழைவதையும் பதிவுசெய்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உபேந்திர பக்ஷி, வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் ஆகிய நால்வரும் 1979இல் எழுதிய திறந்த மடல் அத்தீர்ப்பைக் கேள்விக்குள்ளாக்கியது. இரு விரல் சோதனை பெண்ணின் தனியுரிமைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது என உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டுதலும் அதை விலக்கியது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அதைக் கண்டித்து, அச்சோதனையைச் செய்பவர் நன்னடத்தை தவறியவராவார் என்று சொல்லவேண்டியிருந்தது. ஒரு முறை சொன்னதை மறுபடியும் சொல்ல நேர்ந்ததிலிருந்தே அதன் வேர் எவ்வளவு ஆழம் என்பது புலப்படும்.

ஆக, கன்னித்திரை இந்தியாவில் ஓர் உடலுறுப்பாக மட்டும் இருக்கவில்லை, அதிகாரம் கேட்டால் காட்டவேண்டிய சான்றிதழாகவும் இருந்தது. சான்றிதழைக் கிழித்துக்கொள்ளாதே என்று ஒரு தாய் சொல்வதில் வியப்பில்லை. நீதிமன்றமே அந்தச் சான்றிதழைப் படித்துக்கொண்டிருந்த நாட்டில் அவள் வளர்ந்தாள்.

இந்த இடத்தில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. கிரேக்கத்தில் ஹைமென் என்ற சொல் வெறும் சவ்வைக் குறிக்கும். இந்திய மொழிகள் அதைப் பெயர்த்தபோது சவ்வோடு ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டன. தமிழில் கன்னித்திரை, தெலுங்கில் கன்னெப்பொர, கன்னடத்தில் கன்யாபொரெ, மலையாளத்தில் கன்யாசர்மம். வங்காளியில் சதீச்சதம், கற்புடையவளின் மூடி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இந்தியில் யோனிச்சதம் என்னும் நடுநிலைக் கலைச்சொல் இருந்தும் கௌமார்யத்தைச் சேர்த்த தொடரே வழக்கில் மிகுதி. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கோளாறன்று. ஜெர்மன் சொல்லும் கன்னியின் தோல் என்றே பொருள்படும். தமிழ்ச் சொல்லில் ஓர் இடர் கூடுதலாக இருக்கிறது. திரை என்றால் மூடியிருப்பது. மூடியிருக்கும் திரை விலகவேண்டும், இல்லையேல் கிழியவேண்டும். மூன்றாவதொரு வினையை அந்த உருவகம் அனுமதிப்பதில்லை. உண்மையில் அவ்வுறுப்பு யோனிவாயின் ஓரத்தில் வளையமாகவோ பிறை வடிவிலோ அமைந்த ஒரு மடிப்பு. நடுவே திறப்பு இருப்பதால்தான் மாதவிடாய்க் குருதியே வெளிவருகிறது. பூப்பை ஒட்டிய ஆண்டுகளில் ஹார்மோன்களால் அது நெகிழ்ந்து விரியும் தன்மையும் பெறுகிறது. சுவீடனில் பாலியல் கல்விக்காகப் பணியாற்றும் ஆர்.எஃப்.எஸ்.யு. அமைப்பு 2009இல் கன்னிமையைச் சுட்டும் பழைய சொல்லை விலக்கி, யோனி வளையம் என்று பொருள்படும் புதுச்சொல்லை முன்வைத்தது. தமிழ்க் கலைச்சொல் அகராதிகளைத் தொகுப்போர் எண்ணிப்பார்க்கத்தக்க முன்மாதிரி அது.

மருத்துவ ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. டாம்பன் பயன்படுத்தும் பதின்வயதினரிடம் அதனால் கன்னித்திரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் நேர்வதில்லை என ஜீன் எமன்ஸ் குழுவினர் 1994இல் வெளியிட்டனர். நான்சி கெல்லாக் குழுவினர் 2004இல் கருவுற்றிருந்த 36 பதின்வயதினரின் சோதனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, உடலுறவு நிகழ்ந்ததை உறுதியாகக் காட்டும் அடையாளம் 2 பேரிடம் மட்டுமே தென்பட்டது. கருவுற்ற பெண்ணிடமே எதையும் சொல்லாத ஒரு மடிப்பு, பஞ்சுருளையைப் பற்றி என்ன சொல்லிவிடப்போகிறது?

அச்சங்கள் எல்லாமே பொய் என்று இதற்குப் பொருளன்று. டாம்பனின் வரலாற்றில் மெய்யான அச்சம் ஒன்றும் உண்டு. 1978இல் டென்வரின் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டாட், ஸ்டஃபைலோகாக்கஸ் நுண்ணுயிரியின் நச்சால் ஏழு பிள்ளைகளுக்கு ஏற்பட்ட கடும் நோய் ஒன்றை விவரித்து நச்சு அதிர்ச்சி நோய் என்று பெயரிட்டார். டாம்பனின் காப்புரிமை பிறந்த அதே ஊர் என்பது தற்செயல்தான். 1980இல் அமெரிக்காவில் மாதவிடாயை ஒட்டி 813 பேருக்கு அந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. 38 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் பயன்படுத்தியது, மிகுதியாக உறிஞ்சுவதற்கென்று செயற்கை நுரையும் செல்லுலோஸ் வேதிப்பொருளும் கொண்டு செய்த ரிலை டாம்பன். 1980 செப்டம்பரில் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பெட்டியின்மேல் எச்சரிக்கை அச்சிடுவது 1982 முதலும், உறிஞ்சுதிறனை ஒரே அளவுகோலில் குறிப்பிடுவது 1990 முதலும் அங்கே கட்டாயமாயின. 6 கிராம் வரை உறிஞ்சுவது லைட், 9 கிராம் வரை ரெகுலர், அதற்குமேல் சூப்பர். வயது குறைந்தவர்களுள் சிலரிடம் அந்த நச்சுக்கு எதிரான எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிராது. ஆகவே தேவைக்குப் போதுமான மிகச் சிறிய அளவையே எடுக்கவேண்டும், 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றவேண்டும் என்ற விதிகள் பதின்வயதினருக்கு மேலும் பொருந்தும். டாம்பன் வைத்திருக்கும்போது திடீரெனக் கடுங்காய்ச்சல், வாந்தி, மயக்கம், வெயில் பட்டதுபோன்ற சிவந்த தடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே டாம்பனை நீக்கிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கன்னித்திரைக்காக அஞ்சிய சமூகங்கள் இதற்கு அஞ்சத் தெரியாமல் போனது இந்த வரலாற்றின் விந்தை.

இவற்றையெல்லாம் கடந்தும் குளியலறையில் நிற்கும் சிறுமியின் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அது பெரும்பாலும் கோணத்தைப் பற்றியது. யோனி நேர்மேலாகச் செல்வதில்லை, முதுகின் அடிப்பகுதியை நோக்கிப் பின்புறமாகச் சாய்ந்து செல்கிறது. தொப்புளை நோக்கித் தள்ளினால் பஞ்சு முன்சுவரில் முட்டி வலிக்கும். வலித்ததும் இடுப்புத்தளத் தசைகள் இறுகும், இறுகியதால் அடுத்த முயற்சி இன்னும் வலிக்கும். பாதி வழியில் விட்டுவிட்டால் அமரும்போது உறுத்தும். குருதிப்போக்கு மிகுந்த நாளில் எளிதாக நுழைவது, வறண்ட கடைசி நாளில் நுழையாது. சிறுநீர்த் துளை வேறு, யோனி வேறு என்பதே பலருக்குச் சொல்லித்தரப்படுவதில்லை என்பதால், இல்லாத இடத்தில் வழி தேடுவோரும் உண்டு. உள்ளே சென்று தொலைந்துவிடுமோ என்ற கலக்கம் வேறு. கருப்பை வாயின் துளை மிகச் சிறியது, அதைத் தாண்டி டாம்பன் போகாது. சிலருக்கு யோனிவாயின் குறுக்கே ஒரு தசைநார் போன்ற பட்டை ஓடும். டாம்பன் உள்ளே சென்றுவிட்டு, ஊறியபின் வெளிவர மறுப்பது அதற்கு ஓர் அடையாளம். சிறு சிகிச்சையில் சரியாகிவிடும். மிக அரிதாகத் திறப்பே இல்லாமல் இருப்பதும் உண்டு. அப்போது வயது வந்தும் விடாய் வெளிப்படாமல் மாதந்தோறும் வயிற்றுவலி மட்டும் வரும். எத்தனை முறை முயன்றாலும் தசை இறுகி வலிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மூவருக்கும் வேண்டியது மருத்துவர், வற்புறுத்தல் அன்று.

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 24 வயது வரையிலான இந்தியப் பெண்களுள் 64 சதவீதத்தினர் நாப்கினையும் 50 சதவீதத்தினர் துணியையும் பயன்படுத்துவதாகக் கூறினர். டாம்பனைக் குறிப்பிட்டோர் ஏறத்தாழ 2 சதவீதம். அந்த எண்ணிக்கை உயரவேண்டும் என்பதற்கு எந்த வரலாற்றுக் கட்டாயமும் இல்லை. துணியும் நாப்கினும் குப்பியும் அவரவர் தேர்வு. 2017இல் 12 சதவீதம் சரக்கு சேவை வரி விதித்து, எதிர்ப்புக்குப்பின் 2018 சூலையில் விலக்களித்த அரசாணை நாப்கினையும் டாம்பனையும் ஒரே வரியில்தான் குறிப்பிடுகிறது. தேர்வு என்பது தெரிந்தபின் செய்வது. நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தேதி வரும்போது உடல்நிலை சரியில்லை என்று கடிதம் எழுதும் மாணவிக்கு, தான் எதைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே தெரிந்திருக்காது.

விளக்கத்தாள் சொல்லாதவற்றை இன்னும் ஒருவர்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அவர் உள்ளே வரவேண்டியதில்லை, சாத்திய கதவுக்கு வெளியே நின்றால் போதும். கையைக் கழுவிக்கொள், இருப்பதிலேயே சிறியதை எடு, மிகுதியாகப் போகும் நாளில் முயன்றுபார், மூச்சை மெல்ல விடு, முதுகுப் பக்கமாகச் சாய்த்துத் தள்ளு, வலித்தால் நிறுத்திவிடு. இரண்டு முறை முயன்றும் ஆகவில்லையா, இன்றைக்கு நாப்கின் போதும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.